ஈயம் பூசிய வீடு – 9: ஆறு கறுப்புப் புள்ளிகள்

வஹீதாவுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷத்தில் மூன்று முறை நாள் தள்ளிப் போயிருக்கிறது. மூன்று முறையும் வாந்தி வந்தது, மயக்கம் வந்தது, தெருவில் மீன்காரி போனால் குடலைப் புரட்டியது. மூன்று முறையும் மூன்றாம் மாதம் பிறப்பதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. முதல் தடவை கொஞ்சம் ரத்தம் பட்டது. மற்ற இரண்டு தடவையும் மாதாமாதம் வருவது போலத்தான் வந்து போனது. கையில் எடுத்துப் புதைக்க ஒன்றும் இல்லை.

புதைக்க ஒன்றும் இல்லாத பிள்ளைக்கு யாரும் அழுவதில்லை. பாலக்கரைச் சந்தில் அவளுக்குப் 'பொய்ச்சூலி' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை முதலில் சொன்னது மாமியார் ஹாஜிரா.

போன வாரம் ஹாஜிரா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். மூத்த மகன், வஹீதாவின் கணவன் தாஜுதீனுக்கு இன்னொரு நிக்காஹ். தென்னூர் பரக்கத் அலியின் தங்கை மஜீதா. தாஜுதீன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "உங்க இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டுத் துருத்தியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனான். திரைக்குப் பின்னால் நின்ற வஹீதாவுக்கு அது காதில் விழுந்தது.

இன்றைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் பரக்கத் அலி பேச வருகிறார்.

காலை ஏழு மணிக்கு வஹீதா கொல்லையில் உட்கார்ந்து சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தாள். லாரி பாட்டரிக்குள் இருக்கும் காரீயத் தகடு. பழைய சாமான் கடையிலிருந்து சாக்கில் வரும். தட்டினால் மேலே ஒட்டியிருக்கும் சாம்பல் நிறப் பொடி உதிரும். உதிர்த்துவிட்டு உருக்கினால் கறுப்பு ஈயம். அதைக் கட்டியாக்கிக் கடைக்கே திருப்பி விற்பதும், பாத்திரத்துக்கு வெள்ளீயம் பூசுவதும் அந்த வீட்டுத் தொழில். ஆறு வருஷமாக அந்தச் சுத்தியல் வஹீதாவின் கையில்தான். பொடி மூக்கில் ஏறும், முக்காட்டில் படியும், நகக்கண்ணில் நிற்கும். உழைக்கிற வீட்டில் இதையெல்லாம் யாரும் ஒரு குறையாகச் சொல்வதில்லை. அவளும் சொன்னதில்லை.

"ஏய் வஹீதா!" ஹாஜிரா அடுப்படியிலிருந்து கத்தினாள். "தட்டினது போதும். கையைக் கழுவிட்டு சமோசாவுக்கு மாவு பிசைஞ்சு வை. வர்றவங்க வெறும் டீயைக் குடிச்சுட்டா போவாங்க?"

"எத்தனை பேரு மாமி?"

"மூணு பேரு வருவாங்க. நீ முப்பதாப் போடு."

தன் இடத்துக்கு வரப்போகிறவளுக்காகப் பேச வருகிறவர்களுக்குத் தன் கையாலேயே பலகாரம். வஹீதா அடுத்த தகட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். பேசுவதற்கு ஒரு விஷயம் இருந்தது. ஆனால் அதைப் பேச வாய் வரவில்லை.

அவளுக்கு நாள் தள்ளி இன்றோடு பன்னிரண்டு நாள்.

யாரிடம் சொல்வது? மூன்று தடவை சொல்லிப் பார்த்தாகிவிட்டது. நாலாவது தடவையும் சொன்னால், நிக்காஹ் பேச்சைத் தடுக்கப் பொய் சொல்கிறாள் என்பார்கள்.

கொழுந்தன் அப்துல் மாலிக் சட்டையை மாட்டிக்கொண்டே கொல்லைக்கு வந்தான். எஸ்.எஸ்.எல்.சி. பெயில். ஊரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பிரிவில் அட்டெண்டர். எலிக் கூண்டு முழுக்க அவன் பொறுப்பு.

"அண்ணி, பழையது இருக்கா?"

"பானையில இருக்கு, ஊத்திக்க. மோரு கொஞ்சம் புளிச்சிருக்கும் தம்பி."

"புளிச்சாத்தான் ருசி. இன்னையோட எனக்கு வேலை போனாலும் போயிடும். அதுக்கு முன்னாடி நல்லா சாப்பிட்டுக்கறேன்."

"ஏன், என்ன ஆச்சு?"

"அதான் சொன்னேனே, அந்த எலிங்க. நாலு கூண்டுல மட்டும் பொட்டை எலிக்கு வயிறு ஊதுது. தெனமும் எடை போட்டு நோட்டுல எழுதறோம். ஏறிக்கிட்டே வருது. பதினாலு, பதினஞ்சு நாள் ஆனதும் வத்திப்போவுது. குட்டியும் இல்ல, ரத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் குட்டியத் தூக்கி வெளிய வித்துட்டேன்னு ஸ்தனிஸ்லாஸ் சார் நெனைக்கறாரு."

வஹீதாவின் சுத்தியல் நின்றது.

"அந்த எலிங்கள யாராவது பொய்ச்சூலின்னு சொன்னாங்களா தம்பி?"

மாலிக் சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"இல்ல அண்ணி. என்னத்தான் திருடன்னாங்க."

அவள் மறுபடி தட்ட ஆரம்பித்தாள்.

*

எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்யும் விலங்கியல் விரிவுரையாளர் ஸ்தனிஸ்லாஸுக்கு முப்பத்திரண்டு வயது. கோபக்காரர். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்று காலை மாலிக் உள்ளே நுழையும்போதே துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாய்யா. குட்டிங்கள எந்தக் கடையில வித்தே?"

"அல்லா மேல ஆணையா நான் விக்கல சார்."

"அப்ப ஆத்தாக்காரி தின்னுட்டாளா? தின்னிருந்தா ஒரு வாலு, ஒரு காலு மிஞ்சியிருக்காதா? நாலு மாசம் ஆச்சு. என்னோட கணக்கு மொத்தமும் பாழு. நான் எலிக்குத் தீனி கொடுத்துப் பாக்கறேனா, உன்னோட கண்ணாமூச்சி ஆடறேனா? இன்னைக்கு ஒரு முடிவு தெரியணும்."

ஐந்தாம் கூண்டு எலியை அவர் எடுத்தார். பதினாறாம் நாள். நேற்றிலிருந்து எடை குறைய ஆரம்பித்திருந்தது. மருந்து கொடுத்து அதன் கதையை முடித்துவிட்டு, மெழுகுத் தட்டில் மல்லாத்தி வயிற்றைத் திறந்தார். மாலிக் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தினமும் தன் கையால் தீனி வைத்த எலி.

கத்தரிக்கோலைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"மாலிக், இங்க வா."

"வேணாம் சார்."

"வாய்யான்னா! நீ திருடன் இல்லன்னு இங்க எழுதியிருக்கு. வந்து பாரு."

எலியின் கருப்பை இரண்டு பக்கமும் மணிமாலை மாதிரி இருக்கும். முடிச்சு முடிச்சாக, ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு குட்டி. அதை மாலிக் முன்பே பார்த்திருக்கிறான். இதில் முடிச்சுகள் சுருங்கிப் போயிருந்தன. ஒவ்வொரு முடிச்சிலும் கடுகளவு கறுப்புப் புள்ளி. மூன்று இந்தப் பக்கம், மூன்று அந்தப் பக்கம்.

"ஆறு" என்றான்.

"ஆறு குட்டி. உள்ளேயே செத்துப் போச்சு. வெளியே வரல. உடம்பு கொஞ்சம் கொஞ்சமா கரைச்சுத் திரும்ப எடுத்துக்கிடுச்சு. கரையாம மிஞ்சினதுதான் இந்தப் புள்ளி."

"உடம்பே எடுத்துக்கிடுமா சார்?"

ஸ்தனிஸ்லாஸ் ஜன்னலோரத் தொட்டியைக் காட்டினார். தலைப்பிரட்டைகள் நீந்திக்கொண்டிருந்தன. "அந்தத் தொட்டிய நீதானே கழுவறே? தவளையாகறப்ப வாலு எங்க போகுது? அறுந்து விழுந்து பாத்திருக்கியா?"

மாலிக் யோசித்தான். இரண்டு வருஷமாகத் தொட்டி கழுவுகிறான். அடியில் ஒரு வாலைக்கூடப் பார்த்ததில்லை.

"அதுவும் இப்படித்தான். உடம்பு உள்ளேயே கரைச்சுக்குது. அது வளர்றதுக்காக நடக்கற வேலை. இது அப்படி இல்ல. ஏதோ ஒண்ணு குட்டிங்களக் கொன்னிருக்கு. அதுவும் நாலு கூண்டுல மட்டும். எல்லாத்துக்கும் ஒரே தீனி, ஒரே வெயிலு, ஒரே ஆளு. அப்புறம் ஏன்?"

"இப்ப மூணு கூண்டுதான் சார்" என்றான் மாலிக். "ஏழாம் கூண்டு எலிக்குப் பதினெட்டு நாள் ஆச்சு. எடை இன்னும் ஏறிக்கிட்டுத்தான் இருக்கு."

சொல்லி முடித்ததும் ஏழாம் கூண்டில் மட்டும் என்ன வேறு என்று அவனுக்கு உறைத்தது.

கூண்டு வரிசைக்கு நடந்து போனான். ஐந்து, ஆறு, எட்டு மூன்றிலும் பித்தளைத் தட்டு. உள்ளே வெள்ளிபோல ஈயப் பூச்சு. ஏழில் மண் சட்டி. மற்ற கூண்டுகளில் எல்லாம் பீங்கான்.

நாலு பீங்கான் கிண்ணங்களைக் கழுவும்போது அவன் கை தவறிப் போட்டு உடைத்திருந்தான். சொன்னால் திட்டு விழும். அண்ணனிடம் போய் நின்றான். வீட்டில் கிடந்த நாலு பித்தளைத் தட்டுக்கு மிஞ்சிய ஈயத்தைப் பூசிக் கொடுத்தான் அண்ணன். பீங்கானைவிட அது பளபளப்பாக இருந்தது. அதில்தான் நாலு மாதமாக ஊறவைத்த கடலையும் மோரும் வைத்தான். ஏழாம் கூண்டுத் தட்டு மட்டும் போன மாதம் ஓட்டையாகிவிட்டதால் மண் சட்டி வைத்தான்.

"சார்" என்று திரும்பினான். "நான் திருடன் இல்ல. ஆனா ஒரு பொய்யன்."

விஷயத்தைக் கேட்டுவிட்டு ஸ்தனிஸ்லாஸ் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை. எட்டாம் கூண்டுத் தட்டைக் கழுவிச் சுரண்டி, ஒரு சிட்டிகைப் பொடியை எடுத்துக்கொண்டு வேதியியல் பிரிவுக்கு நடந்தார். மாலிக் பின்னாலேயே ஓடினான். அமிலத்தில் கரைத்தார்கள், வடிகட்டினார்கள், தெளிந்த நீரில் இன்னொரு மருந்தைச் சொட்டினார்கள்.

கண்ணாடிக் குழாயில் மஞ்சள் அரைத்துக் கொட்டியது போலப் பளீரென்று நிறம் இறங்கியது.

"காரீயம்" என்றார் ஸ்தனிஸ்லாஸ். "சும்மா கொஞ்சம் நஞ்சம் இல்ல. மோரு புளிக்கப் புளிக்க அது கரைஞ்சு தீனியில சேந்திருக்கு."

மாலிக்குக்குக் காலையில் தான் குடித்த மோர் நாக்கில் வந்தது.

"சார், மனுஷிக்கும் இப்படி ஆகுமா?"

"யாருக்குய்யா?"

"எங்க அண்ணிக்கு. மூணு தடவை."

ஸ்தனிஸ்லாஸ் அவனை உட்காரச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த இரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"நான் டாக்டர் இல்ல மாலிக். எலிக்கு நடந்ததை வெச்சு உங்க அண்ணிக்குச் சத்தியம் பண்ண முடியாது. ஆனா, காரீயத்துல வேலை செய்யற பொம்பளைங்களுக்குக் கரு தங்கறதில்லைன்னு அறுபது வருஷம் முன்னாடியே சீமையில எழுதி வெச்சிருக்காங்க. ரொம்ப ஆரம்பத்துல போனா இதே மாதிரி கரைஞ்சிடும். கொஞ்சம் வளந்திருந்தா ரத்தமாப் போகும். உங்க வீட்டுல அந்தப் பொடியத் தொடறது யாரு?"

"அவங்கதான்."

"அப்ப இங்க என்ன உக்காந்திருக்கே? போ. லேடி டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போ. அதுக்கு முன்னாடி அந்தப் பானைய மாத்து. அந்தச் சுத்தியலைப் புடுங்கு."

அவர் அந்தக் கருப்பையைச் சின்னச் சீசாவில் போட்டு, ஸ்பிரிட் ஊற்றி மூடி, மாலிக்கின் கையில் கொடுத்தார்.

"வாயால சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. கொண்டு போய்க் காட்டு. நாளைக்குத் திரும்ப வரணும், சீசாவும் வரணும், நீயும் வரணும்."

*

தாஜுதீன் ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் ஒரு வீட்டின் பக்கத்துச் சந்தில் அடுப்பு மூட்டியிருந்தான். மாலிக் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்தபோது, ஒரு பெரிய வெண்கலப் பானைக்குள் இரண்டு காலையும் வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தான். காலுக்கடியில் மணலும் சாக்குத் துணியும். அப்படித் தேய்த்தால்தான் உள்ளே அழுக்கு போகும். வேர்வை முதுகில் வழிந்தது.

அந்த வீட்டுக் கோமளவல்லி மாமி, ஏற்கெனவே பூசி ஆறவைத்த ஒரு தவலையை வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். துணியைத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளையாகவே இருந்தது.

"நன்னா இருக்குடாப்பா தாஜுதீன். ஒரு பொட்டுக் கறுப்பு இல்லே."

"உங்க ஆத்துக்குக் கலப்பு போடுவேனா மாமி? அசல் பினாங்கு வெள்ளீயம். கெடைக்கறதே குதிரைக் கொம்பா இருக்கு. இருந்தாலும் ஸ்ரீரங்கத்துக்கு நான் கலக்க மாட்டேன்."

"கலந்தா துணி காட்டிக் குடுத்துடுமே! எங்க மாமியார் இருந்த வரைக்கும் துணியால தேய்க்காம ஒரு பாத்திரத்தை உள்ளே எடுக்க விட மாட்டார். கறுப்பு ஒட்டிண்டா அது பெருமாளுக்கும் ஆகாது, மனுஷாளுக்கும் ஆகாதும்பார்."

மாலிக் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.

"அண்ணே, நம்ம வீட்டுப் பானைக்கு என்ன பூசறே?"

"என்னடா இது, வேலைக்குப் போகாம இங்க வந்து கேள்வி?"

"சொல்லுண்ணே."

"நம்ம வீட்டுக்கு என்ன? மிச்சம் மீதிதான். கறுப்பு ஈயம் முக்கால், வெள்ளை கால். வாடிக்கைக்காரனுக்கு நல்லதக் குடுத்துட்டு நாம மிச்சத்துல சமாளிக்கறதுதான் முறை. அத்தா அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு."

அப்பா சொன்ன பேச்சை அவன் பெருமையாகத்தான் சொன்னான். அந்தப் பெருமையில் பொய் இல்லை. தாஜுதீன் ஈயம் பூசினால் மோசடி இருக்காது என்று அம்மாமண்டபத்திலிருந்து வடக்கு வாசல் வரைக்கும் சொல்வார்கள். ஊருக்கு நியாயமாக இருந்தவன், தன் வீட்டுப் பானையை மட்டும் ஒரு நாளும் துணியால் தேய்த்துப் பார்த்ததில்லை.

மாலிக் சீசாவை எடுத்து நீட்டினான். காலையிலிருந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். எலி, தட்டு, மோர், மஞ்சள் நிறம், அண்ணி.

தாஜுதீன் பானைக்குள்ளேயே நின்று கேட்டான். முதலில் சிரித்தான். அப்புறம் கோபம் வந்தது.

"போடா, எலிக்கும் என் பொண்டாட்டிக்கும் முடிச்சுப் போட வந்துட்டான். அத்தாவும் இதே வேலைதானே செஞ்சாரு? அப்பல்லாம் தேயிலைப் பெட்டிக்குள்ள ஒட்டியிருக்கற ஈயத் தகட உரிச்சுக் கொண்டாருவாரு. அம்மாதான் உக்காந்து உருக்கும். நாம பொறக்கலியா?"

"பொறந்தோம். உனக்கும் எனக்கும் நடுவுல எத்தனை வருஷம்ணே?"

தாஜுதீன் மனசுக்குள் கணக்குப் போட்டான். பதினோரு வருஷம்.

கோமளவல்லி மாமி அதுவரை கேட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்த வெள்ளைத் துணியை மடித்துத் துருத்தியின் மேல் வைத்தாள்.

"இதை எடுத்துண்டு போ. பானையை நாளைக்கு வந்து பூசிக்கலாம். நான் எங்கேயும் ஓடிப் போகமாட்டேன்."

தாஜுதீன் பானையிலிருந்து காலை எடுத்தான். பாதம் முழுக்க மணல். துடைக்காமலே நடந்தான்.

*

அஸர் முடிந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. பரக்கத் அலி பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கூட இரண்டு பெரியவர்கள். நடுவில் பித்தளைத் தாம்பாளத்தில் சமோசா. ஹாஜிரா திரைக்கு இந்தப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தாள். அடுப்படி வாசலில் வஹீதா, கை நிறைய மாவோடு.

"எங்க மஜீதாவுக்கு வேலை செய்யக் கூச்சம் கெடையாது" என்றார் பரக்கத் அலி. "துருத்தி அடிக்கச் சொன்னாலும் அடிப்பா."

"அதான் எங்களுக்கும் வேணும்" என்றாள் ஹாஜிரா.

அப்போது தாஜுதீன் உள்ளே வந்தான், பின்னாலேயே மாலிக். சலாம் சொன்னான். யாரையும் பார்க்காமல் நேராக அடுப்படிக்குப் போனான். பழைய சோற்றுப் பானையைக் கவிழ்த்தான், தண்ணீர் விட்டுக் கழுவினான். கூடத்துக்குத் தூக்கி வந்து, உட்கார்ந்து, வெள்ளைத் துணியை உள்ளே விட்டுத் தேய்க்க ஆரம்பித்தான்.

"ஏன்டா, வந்தவங்க முன்னாடி பாத்திரம் தேய்க்கறே? உனக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சா?" என்றாள் ஹாஜிரா.

தாஜுதீன் துணியை வெளியே எடுத்து விரித்தான்.

கரி பூசியது போலிருந்தது.

அவன் துணியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். இருபது வருஷமாக அடுத்தவர் பாத்திரத்தில் வெள்ளையாகவே பார்த்துப் பழகிய கண்.

மாலிக் சீசாவை அம்மாவிடம் நீட்டினான்.

"இது என்னடா கருமம்?"

"எலிக் குட்டிங்கம்மா. ஆறு. நம்ம ஈயத்துல தின்ன எலி. பொறக்காம வயித்துலேயே கரைஞ்சு போச்சு. ரத்தம்கூட வரல. அந்தக் கறுப்புப் புள்ளி மட்டும்தான் மிச்சம். சார் கத்தி போட்டுப் பாக்காம இருந்திருந்தா, அந்த எலி சூலே ஆகலைன்னுதான் எல்லாரும் சொல்லியிருப்பாங்க."

ஹாஜிரா சீசாவை வெளிச்சத்தில் பிடித்தாள். உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு என்று புள்ளிகளை எண்ணுகிறாள் என்று முதலில் நினைத்தார்கள். நாலோடு நிறுத்திக்கொண்டாள்.

"எனக்கு நாலு" என்றாள்.

சீசாவை இறக்கிப் பிடித்துக்கொண்டு மேலே சொன்னாள்.

"மூத்தவனுக்கும் இவனுக்கும் நடுவுல. நாலு. மூணாம் மாசம் தாண்டல. உங்க அத்தாவோட அம்மா என்னைக் 'காத்துப் பானை'ம்பா. தெருவுல பொம்பளைங்க முன்னாடி கூப்பிடுவா, ஏ காத்துப் பானை, தண்ணி கொண்டாடின்னு. சர்க்கார் ஈயக் கட்டுப்பாடு வந்து, சரக்குக் கெடைக்காம அத்தா தொழில விட்டுட்டு ரெண்டு வருஷம் மூட்டை தூக்கப் போனாரு பாரு, அப்பத்தான் இவன் மாலிக் தங்கினான். நான் தர்காவுக்கு நேந்துக்கிட்டதுன்னு நெனைச்சேன்."

அவள் அழவில்லை. சீசாவை மாலிக்கிடம் கொடுத்துவிட்டு முக்காட்டைச் சரிசெய்தாள். வஹீதா இருந்த பக்கம் மட்டும் அவளால் திரும்ப முடியவில்லை.

பரக்கத் அலி கனைத்தார். "இதெல்லாம் அல்லாவோட நாட்டம். இப்ப நாம வந்த விஷயம்…"

"குறை என் கையில இருக்கு பாய்" என்றான் தாஜுதீன். எழுந்து நின்று சொன்னான். "பொம்பளைய மாத்தி என்ன ஆகும்? உங்க தங்கச்சி வந்தாலும் இதே பானையிலதான் சோறு, இதே கொல்லையிலதான் சுத்தியல். ரெண்டு வருஷம் கழிச்சு அவளையும் ஒரு பேரு வெச்சுக் கூப்பிடுவோம். வேணாம். நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு."

பரக்கத் அலி கையில் பாதி கடித்த சமோசா இருந்தது. அவர் தாம்பாளத்தைப் பார்த்தார்.

"இந்தத் தட்டு…?"

"அதுவும் நம்ம பூச்சுதான் பாய்" என்றான் மாலிக்.

சமோசா தாம்பாளத்துக்குத் திரும்பியது. பெரியவர்கள் இருவரும் ஒன்றாக எழுந்தார்கள். பரக்கத் அலி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "எங்க வீட்டு அண்டாவும் போன வருஷம் நீங்கதானே பூசினீங்க?" என்று கேட்டார்.

"வாடிக்கைக்காரங்களுக்கு நான் கலக்கறதில்ல பாய். வேணும்னா வெள்ளைத் துணியால தேய்ச்சுப் பாருங்க."

அவர் தெருவில் வேகமாக நடந்தார்.

தாஜுதீன் அடுப்படி வாசலுக்கு வந்தான். மனைவிக்கு நேராக நின்றான். அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பினான். மாவுக்கு நடுவே நகக்கண் கறுப்பாகத்தான் இருந்தது.

"இத்தனை நாளும் நான் சொன்னது பொய்ன்னுதான் நீங்க நெனைச்சீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"தெரியல. நெனைச்சுப் பாக்காமலே இருந்துட்டேன்."

"அது அதைவிட மோசம்."

"ஆமா" என்றான்.

கொல்லையில் சத்தம் கேட்டது. ஹாஜிரா பாட்டரித் தகடுகளை வாரிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். சுத்தியலை எடுத்துக் கூரையில் செருகினாள், வஹீதாவுக்கு எட்டாத உயரத்தில். மூச்சு இரைத்தது.

வஹீதா கையைக் கழுவிக்கொண்டு கொல்லைப் படியில் வந்து நின்றாள்.

"மாமி, இந்தத் தடவை பன்னெண்டு நாள் ஆச்சு."

ஹாஜிராவின் கையிலிருந்த சாக்கு நழுவியது. அவள் திரும்பிப் பார்த்தாள். எதையோ சொல்ல வாயெடுத்தாள். பழைய பெயர் வாய் வரைக்கும் வந்திருக்கலாம். பழக்கம் அப்படி. அதை விழுங்கிக்கொண்டாள்.

"காலையில எதுல சாப்பிட்டே?"

"அந்தப் பானையிலதான்."

பன்னிரண்டு நாளும் அந்தப் பானைதான். பன்னிரண்டு நாளும் அந்தச் சுத்தியல்தான். இரண்டு பேருக்கும் அது தெரிந்தது. இது கட்டாயம் தங்கும் என்று யாரும் யாரையும் ஏமாற்றிக்கொள்ளவில்லை.

"மாலிக்கு!" என்று ஹாஜிரா கத்தினாள். அந்தக் குரலில் தெருவே திரும்பியிருக்கும். "ஓடு. மண் பானை மூணு… நாலா வாங்கு. சோத்துக்கு, கொழம்புக்கு, மோருக்கு, தண்ணிக்கு. டேய் தாஜுதீனு, நாளைக்குக் காலையில இவளை லேடி டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போற. ஸ்ரீரங்கத்து மாமி பானை காத்திருக்கட்டும். இனிமே உருக்கற வேலை வீட்டுக்குள்ள கெடையாது. வெள்ளை ஈயம் கெடைச்சா பூசு, கெடைக்கலைன்னா மூட்டை தூக்கு. உங்க அத்தா தூக்கலியா?"

"சரிம்மா" என்றான் தாஜுதீன். இந்தத் தடவை 'உங்க இஷ்டம்' என்று சொல்லவில்லை.

பள்ளிவாசலில் அந்தி நேர மஃரிப் பாங்கு ஒலித்தது. மாலிக் பை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போது வஹீதா கூப்பிட்டாள்.

"தம்பி, அந்த ஏழாம் கூண்டு எலி. மண் சட்டியில திங்குதே, அதுக்கு இன்னும் எத்தனை நாளு?"

"மூணு நாளு அண்ணி. போனா நாலு."

"அதுக்கு முன்னாடி அதுவும் ஈயத் தட்டுலதானே தின்னுச்சு?"

"மூணு மாசம் தின்னுச்சு."

வஹீதா விரலை மடக்கி ஏதோ எண்ணினாள்.

"நாளைக்கு எடை போட்டதும் நேரா வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போ. ஏறியிருக்கா, எறங்கியிருக்கான்னு."

கொல்லையிலிருந்து ஹாஜிராவின் குரல் வந்தது.

"அவகிட்ட மட்டும் இல்லடா. என்கிட்டயும் சொல்லணும்."